பப்பில் தின்ற படையல்

அந்த மனிதர் என் மகளைப் பயமுறுத்தியபோது நானும் ஏன் சிரித்தேன்? இரண்டு வாரமாக என்னையே கேட்கிறேன். கோபம் இன்னும் ஆறாமல் இருக்கிறது.

கணவருக்கு வேலையில் உயர்வு கிடைத்திருந்தது. கனடாவில் ஒஷாவா நகருக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் பழைய பப் ஒன்று இருப்பதாகவும், மீனும் சிப்ஸும் நன்றாக இருக்கும் என்றும் கூட வேலை செய்பவர்கள் சொன்னார்களாம். உயர்வைக் கொண்டாட ஞாயிறு மதியம் ஐந்து வயது மகளோடு அங்கே போனோம். குளிர்காய நெருப்பு எரிந்த மூலையில் ஒரு சிறிய மேசை, அதில் ஒரு கிண்ணம் சூப், ஒரு துண்டு ரொட்டி. நாற்காலியில் ஆளில்லை. காரணம் மெனுவின் பின்பக்கத்தில் இருந்தது. முன்னொரு காலத்தில் அங்கே சமையலறையில் வேலை செய்த பெண் பனிப்புயலில் வெளியே போய்த் திரும்பவில்லையாம். பசியோடு வருவாள் என்று இன்றும் சாப்பாடு வைக்கிறார்கள்.

"அது ஆருக்கு, அம்மா?"

"செத்துப்போன ஒரு அக்காவுக்குப் படைச்சிருக்கினம், பிள்ளை. நாங்கள் அப்பப்பாவுக்குப் படைக்கிறம் எல்லோ, அது மாதிரி."

அவ்வளவுதான் சொன்னேன். எங்கள் வீட்டில் படைத்ததைப் பிறகு நாங்களே சாப்பிடுவோம், முதல் வடை அவளுக்குத்தான். நான் பையில் எதையோ தேடிய நேரத்தில் அவள் அந்த மேசைக்குப் போய், கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ரொட்டியைக் கடித்தாள்.

பப்பின் உரிமையாளர் வந்து அவள் முகத்துக்கு நேரே குனிந்தார். "அவளுடைய ரொட்டியையா தின்றாய்? இனி அவள் உன்னோடு வீட்டுக்கு வந்துவிடுவாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பக்கத்து மேசைகள் சிரித்தன. நானும் சிரித்தேன். சிரித்தபடியே மன்னிப்பும் கேட்டேன், இரண்டு தரம். மகள் ரொட்டியை விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை.

காரில் கேட்டாள்: "அந்த அக்கா எங்களோட வாறாவா?"

"இல்லை, பிள்ளை. அந்த அங்கிள் சும்மா சொன்னவர்."

"அப்ப ஏன் சாப்பாடு வைக்கினம்?"

"பாரும், இவள் கோர்ட்டில கேள்வி கேக்கிற லோயராத்தான் வருவாள்" என்று கணவர் சிரித்தார். பிறகு என்னிடம், "அந்தாள் பகிடிக்குச் சொன்னது. அதைப் பெரிசாக்காதையும்" என்றார்.

பகிடியாம். இப்போது எந்தச் சாப்பாட்டிலும் பாதியை ஒதுக்கி வைக்கிறாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியும் பாதியோடு திரும்பி வருகிறது. "அந்த அக்காவுக்குப் பசிக்கும்" என்கிறாள். வளர்ந்த மனிதர் ஒருவருக்கு, தன் கடையின் கதையைச் சொல்லிக்காட்ட ஐந்து வயதுப் பிள்ளைதானா கிடைத்தாள்? நான் படித்தவள், நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் வேலை செய்கிறேன். எங்கள் வழக்கத்தில் இது களவு இல்லை என்று அவரிடம் ஒரு வசனம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் அதைப் படையல் என்று சொன்னதே என் பிழையோ, தெரியவில்லை.

அடுத்த மாதம் மாமாவின், அதாவது அவளுடைய அப்பப்பாவின், திவசம். "பேத்தி முதல் வாய் வைச்சால்தான் அவருக்குத் திருப்தி" என்று மாமி இப்போதே சொல்லிவிட்டார். மகளோ, "நான் சாப்பிடமாட்டன். அப்பப்பாவும் கோவிச்சுக்கொண்டு வருவார்" என்கிறாள்.

செத்தவர்கள் வரமாட்டார்கள் என்றால், யாருக்கு இலை போடுகிறோம் என்று கேட்பாள். வருவார்கள் என்றால் சாப்பிட வாயே திறக்கமாட்டாள். இந்த வயதில் பிள்ளைகள் உள்ளவர்கள் இதற்கு என்ன சொன்னீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். திவசத்துக்கு முன் தெரிந்தால் உதவியாக இருக்கும்.