வெளிச்சம் இருக்கு, எழுத்து எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு எல்சிடி டிஸ்பிளேயைக் கொன்றுவிட்டேன்.

அப்படித்தான் நினைத்தேன். ஸ்விட்சைப் போட்டதும் நீல வெளிச்சம் வந்தது. எழுத்து? ம்ஹூம்... ஒன்றுகூட இல்லை!

டிஸ்பிளே எதற்கு என்கிறீர்களா? திருநகரில் எங்கள் மொட்டைமாடி டேங்கில் தண்ணீர் எவ்வளவு என்று தினமும் ஏணி வைத்து ஏறிப் பார்ப்பவன் நான். காலையில் ஒரு தடவை, சந்தேகத்துக்கு இன்னொரு தடவை. சமீபத்தில் கால் வழுக்கிவிட்டது. வெறும் சிராய்ப்புதான். ஆனால் மனைவி தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"இன்னொருக்க ஏணில ஏறுனீங்க, நான் எங்க அண்ணே வீட்டுக்குப் போயிருவேன். அம்புட்டுத்தான்!"

மகள் பவித்ரா கப்பலூரில் மெஷின் பேனல் செய்யும் கம்பெனியில் இருக்கிறாள். அவள்தான் வழி சொன்னாள். டேங்க் மூடியில் ஒரு சென்சார். சமையலறையில், அது அளப்பதைக் கணக்கிட, மைக்ரோகன்ட்ரோலர் என்ற தீப்பெட்டி அளவு போர்டு. அதோடு ஒரு டிஸ்பிளே. கீழே நின்றே படித்துக்கொள்ளலாம்! மற்றதையெல்லாம் அவளே முடித்துவிட்டாள். டிஸ்பிளேக்கு வயர் கொடுப்பது மட்டும் என் தலையில்.

"எட்டாங்கிளாஸோட நின்னவன்மா நான்..."

"இருக்கட்டும்ப்பா. நீங்க பயப்படுற பயத்துக்கு ஒரு வயரக்கூட மாத்திச் செருக மாட்டீங்க."

அவள் வரைந்து தந்த படத்தைப் பார்த்து ஒவ்வொரு வயரையும் செருகினேன். பிடுங்கினேன். மறுபடி செருகினேன். அப்புறமும் எழுத்து வரவில்லை என்றால்? ஷார்ட் ஆகியிருக்குமோ? ஃப்ரிட்ஜுக்கும் பரவுமோ? ஓடிப்போய் ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, எம்புட்டுத் தண்ணி கெடக்குதாம்?"

என் கண் தானாக ஏணிப் பக்கம் போனது. அவள் கண்ணும் கூடவே வந்தது.

நல்லவேளை, பவித்ரா வந்தாள். வயர்களை வரிசையாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தவள், ஓரத்தில் இருந்த ஒரு சின்னத் திருகில் நின்றாள்.

"இதத் திருப்புனீங்களா?"

"என்னன்னு தெரியல... தொட வேண்டாம்னு விட்டுட்டேன்."

"யப்பா! அதான் கான்ட்ராஸ்ட்டு. அது சரியா இல்லாட்டி, எழுத்து இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது."

ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் திருப்பினாள். நீலத்துக்குள்ளிருந்து வெள்ளை எழுத்துகள் மெதுவாக எழுந்து வந்தன. டேங்க் பாதி இருக்கிறதாம்!

கவனித்தீர்களா? எல்லா வயரையும் சரியாகச் செருக வைத்ததும் பயம்தான். கடைசித் திருகைத் தொடவிடாமல் தடுத்ததும் அதே பயம்தான். நம்மில் பல பேர் இப்படித்தான்... எல்லாம் செய்துவிட்டு, முடிக்கிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம்.

நியாயமாக, இந்த இடத்தில் நான் திருந்தியிருக்க வேண்டும்.

"பவி... அது சொல்றது நெசந்தானான்னு மேல ஏறி ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துரட்டுமா?"

மனைவி மகளைப் பார்த்தாள். மகள் லேப்டாப்பைத் திறந்து அந்தப் போர்டோடு இணைத்தாள்.

அந்த டிஸ்பிளேயில் இரண்டு வரிகளுக்கு இடம் உண்டு. மேல் வரியில் தண்ணீர் அளவு ஏறும், இறங்கும். கீழ் வரியில், டேங்க் நிரம்பினாலும் காய்ந்தாலும், ஆங்கில எழுத்தில் எழுதிய ஒரே தமிழ் வாசகம்தான்: "ஏணி தொடாதீங்க!"