ரவிக்கை போட்டுப் பார்க்க வந்த வேட்பாளர்

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். ஒதுக்கிய மறுநாளே ஓட்டு கேட்கக் கிளம்பியவர்கள் எல்லாம் ஆண்கள்தான். அடுத்த தெரு ஹார்டுவேர் கடைக்காரர் தன் மனைவியை நிறுத்தினார். நோட்டீஸில் அவர் படம் சோற்றுத் தட்டு அளவுக்கு இருந்தது, அவள் படம் ஓரத்தில் வைத்த ஊறுகாய் அளவுக்கு.

வீடு வீடாக வந்தார்கள். அவர் பேசுவார், அவள் கும்பிடுவாள். நான் தையல்காரி. வாசலை ஒட்டிய அறையில் மெஷின் போட்டிருக்கிறேன். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும், எந்நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு கண் ஊசியிலும் ஒரு கண் குழாயிலுமாகத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. எதிர் டீக்கடையில் டெல்லி வரைக்கும் ஆட்சியைக் கவிழ்த்துப் பேசுகிற ஆம்பளைகள் யாரும் இந்தக் குழாயைப் பற்றி வாயே திறப்பதில்லை.

நான் அவளைப் பார்த்தே கேட்டேன். "ஏம்மா, நீ கவுன்சிலரானா எங்க தெருவுக்கு எப்பத் தண்ணி வரும்னு தெரியுமா?"

அவள் பேச வாயெடுத்தாள்.

"கண்டிப்பா ஏற்பாடு பண்றோம்க்கா" என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டு மெஷினில் யார் பேர் வரப்போகிறது? அவள் வாயால் ஒரு பதில் வராமல் என் ஓட்டு யாருக்கும் இல்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கடைசி நாள் பிரச்சாரத்துக்குக் கட்சிக் கலரில் சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை எடுத்திருந்தார்கள். ரவிக்கை தைக்க என்னிடம்தான் வந்தது. அளவு ரவிக்கையைக் கொண்டுவந்ததும் அவர்தான், தைத்ததை வாங்க வந்ததும் அவர்தான்.

"அளவு ரவிக்கை பழசு அப்பு. ஆளு வந்து போட்டுப் பாக்கணும்" என்றேன்.

"அதெல்லாம் சரியா இருக்கும், குடுங்கக்கா."

"நாள் பூராக் கையத் தூக்கிக்கிட்டு நிக்கப் போகுது. நடுத்தெருவுல தையல் விட்டுப்போனா கட்சிக்குல்ல அசிங்கம்?"

கட்சிக்கு அசிங்கம் என்றதும் மனிதர் ஆடிப்போனார். அன்று சாயங்காலமே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

திரைக்கு இந்தப் பக்கம் நானும் அவளும். அந்தப் பக்கம் ஸ்டூலில் அவர். குண்டூசி குத்திக்கொண்டிருந்ததால் அவளால் அசையவும் முடியாது.

"இப்பச் சொல்லு. தண்ணி எப்ப வரும்?"

"கண்டிப்பா ஏற்பாடு பண்றோம்க்கா" என்று திரைக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு என் காதருகே சொன்னாள். "யக்கா, எங்க வீட்லயும் இதே கததான். செத்த நேரம் கண்ணசந்தா தண்ணி போயிரும். நாளைக்கு எந்தத் தெருவுக்கு, எந்நேரம் தெறக்குறாங்கன்னு மொத நாளே சொல்லச் சொல்லணும். அதுக்கென்ன காசா பணமா?"

"இத வெளிய சொல்றதுக்கென்ன?"

"மைக்கு அவருகிட்டல்ல இருக்கு."

ரவிக்கையின் கைப்பக்கத் தையலைக் கொஞ்சம் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தேன்.

கடைசி நாள் அவர்கள் ஆட்டோ எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. "நாங்க வந்தா இந்த வார்டுல தண்ணி ஆறா ஓடும்" என்றார் மைக்கில்.

வாசலுக்கு வந்தேன். "ஆறெல்லாம் வேணாம் அப்பு. கொழாயில எப்ப வரும்?"

"கண்டிப்பா ஏற்பாடு..."

அவள் மைக்கைப் பிடுங்கிவிட்டாள். என் அறையில் சொன்னதை அப்படியே சொன்னாள். முதலில் குரல் நடுங்கியது, அப்புறம் இல்லை. பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள்.

டீக்கடையில் ஒருவர் விடவில்லை. "அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கணவரைக் கேட்டார்.

"அவர எதுக்குண்ணே கேக்குறீங்க?" என்றாள் அவள் மைக்கிலேயே. "கல்யாணமான நாள்லருந்து ஒரு கொடம் தண்ணி பிடிச்சிருக்காரான்னு கேளுங்க."

தெருவே சிரித்தது. சிரித்துக்கொண்டே இருந்த எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. பெண்கள் ஆட்டோவைச் சூழ்ந்துகொண்டு அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்கள். இன்னும் போக வேண்டிய தெருக்கள் இருந்தன. டிரைவர் பின்னால் திரும்பி, "கெளம்பலாமாண்ணே?" என்று அவரைக் கேட்டார்.

அவர் மனைவியைப் பார்த்தார்.

"இருப்பா, அவ பேசி முடிக்கட்டும்."