குளிர்காலப் பயிற்சியில் என் பருத்திச் சாரம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று டூங்கபி என்ற எங்கள் புறநகரில் நான் கொங்கிரீட் போடாத தெருவே இல்லை; எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. ஆகவே எங்கள் தொண்டர் மீட்புக் குழு, குளிர்காலப் பயிற்சியில் மலையில் வழி தவறியவராக நடிக்க என்னைக் கேட்டதில் வியப்பில்லை.

உள்ளே கம்பளி உடுப்பு வேண்டும், பருத்தி கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் மூன்று பருத்தி பெனியன் போட்டு, சாரத்தை இடுப்பில் இறுகச் சுற்றி, மேலே காற்சட்டை மாட்டினேன்.

"அவையள் வேண்டாமெண்டதைத்தானே போடுறியள்," என்றாள் மனைவி.

"குளிரைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம்."

மலை ஏறியதில் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. புதருக்குள் படுத்ததும் காற்று வீசியது. ஈரப் பருத்தி ஐஸ் போல ஒட்டிக்கொண்டது. உடம்பு நடுங்கி, நாக்கும் குழறியது. தேடி வந்தவர்களில் அபி என்ற தமிழ்ப் பிள்ளையும் இருந்தாள்.

"அங்கிள், அக்டிங் சூப்பர்."

"நடிக்கேல்லை பிள்ளை. உண்மையாக் குளிருது."

"வசனமும் நல்லாயிருக்கு."

பயிற்சியாளர் என் சட்டைக்குள் கைவிட்டுப் பார்த்த பிறகுதான் அவர்களுடைய சிரிப்பு நின்றது. ஈர உடுப்பையெல்லாம் களைந்து, சாரத்தையும் உருவி, என்னை உறக்கப் பைக்குள் திணித்தார்கள். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் அவர்.

இப்போது கம்பளிதான் அணிகிறேன். நனையாத மாற்றுடுப்பும் கொண்டுபோகிறேன். நடிக்கும்போது உண்மையாகவே ஆபத்து வந்தால் சொல்வதற்கு ஒரு வாசகமும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம்: "எனக்குத் தெரியாது." வேறெந்த நேரத்திலும் அது என் வாயில் வராது என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும்.