ரூஸ்வெல்ட் இஞ்சி பிஸ்கட், டாஃப்ட் கிரீம் பிஸ்கட்

ஒரு ஊரிலே, ராஜாவே இல்லாத ஒரு ஊரிலே, ஒரு டியூஷன் மாஸ்டர் இருந்தானாம், அவன் நான்தான். டியூஷன் ஒரு விசித்திரமான தொழில்: பரீட்சை எழுதப்போவது அவர்கள், தூக்கம் கெடுவது நமக்கு. இதில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவைப்படாது.

தொண்ணூறுகளின் நடுவில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மத்தியானங்களில் பாபகூராவில் ஒரு சர்ச் ஹாலின் பின்னறையில் அமெரிக்க வரலாறு சொல்லிக்கொடுத்தேன். மாணவர்கள் இரண்டே பேர், இருவரும் என்னைவிட மூத்தவர்கள். ஜெயந்தி அக்கா யாழ்ப்பாணத்தில் டீச்சராக இருந்தவர். இங்கே ஈஸ்ட் டாமாக்கியில், பிஸ்கட் ஃபாக்டரியில், பிஸ்கட் ஓடிவரும் பெல்ட் ஓரம் நின்றார். மறுபடி டீச்சராக வேண்டுமென்றால் பட்டப்படிப்பில் பாக்கியிருந்த கடைசிப் பேப்பரில் தேற வேண்டும். ஷிஃப்ட்டோடு மோதாத பேப்பர் இது ஒன்றுதான். அதனால்தான் அமெரிக்க ஜனாதிபதிகள். அதே பேப்பரை எடுத்திருந்த மன்னார் அந்தோனி அண்ணனுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை.

கடைசி நாற்காலியில் இன்னொருவரும் இருப்பார். அக்காவைக் காரில் கொண்டுவந்து விடும் கணவர், யோகன் அண்ணன். பாடத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. தூங்குவதற்காக வருபவர்.

யோகன் அண்ணன் விழித்தது

எனக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. வாய்க்கதை கேட்டே வளர்ந்தவன், எதையும் கதையாகச் சொல்லத்தான் தெரியும். அன்றைக்கு நிலக்கரி வேலைநிறுத்தம். "ஒரு நாட்டிலே ஒரு ராஜா. குளிர்காலம் வாசலில் வந்து நிற்குது. சுரங்கத்துக்குள்ளே இறங்க மாட்டோம்னு தொழிலாளிகள். பேசவே மாட்டோம்னு முதலாளிகள்," என்று தொடங்கினேன். ராஜா என்றால் 1902-இல் ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட்தான். இரண்டு பக்கத்தையும் ஒரே அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். முதலாளிகள் எல்லாவற்றையும் ஜனாதிபதியிடம்தான் சொன்னார்கள். எதிரே இருந்த தொழிலாளர் தலைவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பின்னால் குறட்டை நின்றது. யோகன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "மாஸ்டர், இது எங்கட கலியாணப் பேச்செல்லோ. மாப்பிள்ளை வீடு ஒரு நாளும் பொம்பிளை வீட்டோட நேர கதைக்காது. நடுவில இருக்கிற தரகர்தான் பாவம்."

சாசேஜ் ரோல்

அடுத்த வாரம் இறைச்சிச் சட்டம். தொழிற்சாலைகளுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்ததும் ஊரே மூக்கைப் பொத்தியது, ராஜா அரசாங்க இன்ஸ்பெக்டர்களை உள்ளே அனுப்பினார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தோனி அண்ணன் சந்தோஷமாகத் தலையாட்டினார். அவருடைய இடத்துக்கும் தினமும் ஒருவர் டார்ச் லைட்டோடு வருவாராம்.

யோகன் அண்ணன் அப்போது டெய்ரியில், அதாவது தெருமுனைக் கடையில், வாங்கிய இறைச்சி பொதிந்த சாசேஜ் ரோலைப் பாதி தின்றிருந்தார். மீதியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "அந்தோனி, உண்மையைச் சொல்லும். இதுக்குள்ள என்ன கிடக்கு?" என்றார்.

அந்தோனி அண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார்: "முதல்ல சாப்பிட்டு முடியும் யோகன். அதுவரைக்கும் நாங்கள் சிநேகிதராவே இருப்பம்."

பெயரில்லாத ராஜாக்கள்

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு மாதிரிக் கட்டுரை எழுதச் சொன்னேன். ஜெயந்தி அக்கா எழுதியதை வாசிக்க வாசிக்க எனக்கு மகிழ்ச்சி. முதல் ராஜா பெரிய கம்பெனிகளின் கொட்டத்தை அடக்கினார், காடுகளைக் காப்பாற்றினார், தன் இடத்துக்குப் பருத்த ராஜாவைக் கைகாட்டிவிட்டு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனார். பருத்த ராஜா இன்னும் அதிகக் கம்பெனிகள்மேல் வழக்குப் போட்டார். ஆனாலும் திரும்பி வந்த முதல் ராஜாவுக்கு மனம் ஒப்பவில்லை. இருவரும் தேர்தலில் எதிரெதிரே நின்று ஓட்டுகளைப் பிரித்தார்கள். இடையில் வாத்தியார் ராஜா நாற்காலியில் ஏறினார். காரணம், விளைவு எல்லாம் கச்சிதம்.

ஆனால் முழுக் கட்டுரையிலும் ஒரு பெயர் இல்லை. முதல் ராஜா ரூஸ்வெல்ட், பருத்த ராஜா டாஃப்ட், வாத்தியார் ராஜா வில்சன், ஒருவரும் இல்லை. இப்படியே எழுதினால் திருத்துகிறவர் என்ன செய்வார் என்று நினைத்ததும் எனக்கு வியர்த்தது. அக்காவுக்கோ பெல்ட்டைவிட்டு விலக இருப்பது இந்த ஒரு வழி. "அக்கா, பெயர் வேணுமே," என்றேன், வழக்கத்தைவிட மெல்ல.

அவர் என்னை ஒரு டீச்சர் பார்வை பார்த்தார். "ராஜா ராஜா எண்டுதானே நீங்கள் சொன்னனீங்கள். கதையில ராஜாவுக்கு எங்க மாஸ்டர் பெயர் இருக்கு?"

டாஃப்ட் வேலைக்கு வராத நாள்

வழியை அக்காவே கண்டுபிடித்தார். ஃபாக்டரியில் பெல்ட்டில் வரும் பிஸ்கட்டுகளுக்குப் பெயர் வைத்தார். பல்லோடு சண்டை போடும் இஞ்சி பிஸ்கட் ரூஸ்வெல்ட். கிரீம் வைத்துப் பருத்தது டாஃப்ட். மெலிந்த, ஒழுங்கான, இனிப்புக் குறைந்தது வில்சன். எட்டு மணி நேர ஷிஃப்ட் முழுக்க அமெரிக்க வரலாறு அவர் கண்முன்னால் வரிசையாகப் போனது.

ஒரு நாள் கிரீம் பிஸ்கட் எல்லாம் நொறுங்கி வர, அக்கா தன்னை மறந்து, "டாஃப்ட் உடைஞ்சு போச்சு, நிப்பாட்டுங்கோ," என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டார். பெல்ட் நின்றது. சூப்பர்வைசர் முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்து எல்லோர் முகத்தையும் பார்த்தாராம். அவர் சொன்னதை அக்கா எங்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்: "டாஃப்டா? அப்பிடி ஒருத்தன் இண்டைக்கு வேலைக்கே வரேல்லையே."

கடைசிச் சனிக்கிழமை

பரீட்சை முடிவு வந்த வாரம், நல்ல வெயில். பின்னறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நகம் கடித்தபடி காத்திருந்தேன். முதலில் வந்த அந்தோனி அண்ணன், "நான் ஒரு மாதிரித் தப்பிட்டன்," என்றார். பிறகு அக்கா வந்தார். ஒரு பை உடைந்த பிஸ்கட்டை மேசையில் கொட்டினார். கொட்டியதில் இருந்து இஞ்சி ஒன்று, கிரீம் ஒன்று, மெலிந்தது ஒன்று எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்தார். "இந்த மூண்டு பேரின்ட தேர்தல்தான் கேள்வி, மாஸ்டர். பெயரோட எழுதினன். பாஸ். பெப்ரவரியில டீச்சர்ஸ் காலேஜ்."

பிஸ்கட் தின்று, தேநீர் குடித்து, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அக்கா காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். யோகன் அண்ணன் மட்டும் கதவு வரை போய்த் திரும்பி வந்தார்.

"இவள் பாஸாயிட்டாள், சந்தோஷம். ஆனா அந்த வாத்தியார் ராஜாவுக்குப் பிறகு என்ன நடந்தது மாஸ்டர்? இனி எனக்கு ஆர் சொல்லுவினம்?"

வெளியே ஹார்ன் அடித்தது. பரீட்சை எழுதிய இருவரும் தேறினார்கள், உண்மைதான்; ஆனால் என்னிடம் பாடம் படித்தவர் யார் என்று கேட்டால், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி காரை நோக்கி நடந்து போகிறாரே, அவர் ஒருவர்தான்.