நாமக்கல் பட்டறையில் நின்ற போர் விமானத்தின் எண்

இல்லைங்க, டிக்கெட் எல்லாம் கிடையாது. அது அருங்காட்சியகமே இல்லை, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. அங்கே போர் விமானம் எப்படி வந்தது என்று கமென்டில் ஆளாளுக்குக் கேட்பதால் மொத்தத்தையும் எழுதிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை, டிரெய்லர் லாரியில் ஒரு குட்டி விமானம் போகிற ரீல் பார்த்தேன். 'நேட்' ரகம். 1965, 71 போர்களில் பறந்தது. ஏதோ கல்லூரி வாசலில் நின்றதை, புது பெயின்ட் அடிக்க நாமக்கல் அனுப்பியிருக்கிறார்கள். நான் விமானப் பொறியியலை இரண்டாம் வருடத்தில் விட்டவன். போரடித்தது படிப்புதான், விமானம் இல்லை. ரீலை மாடி வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் காட்டினேன். அவருடைய அப்பா 71 போரில் நேட் மெக்கானிக். இறந்து இரண்டு வருடமாகிறது. ஒரு நேட்டின் பின்பக்கம் கை வைத்து அவர் நிற்கும் போட்டோ இருக்கிறது. அதில் விமானத்தின் எண் 68 என்று முடியும்.

"இது அதுவா இருந்தா?" என்றார் அக்கா.

மறுநாள் ஞாயிறு. காலைப் பூசையை மாலைக்குத் தள்ளிவிட்டு வந்தார். 6.40க்கு எங்கள் ஏரியாவான ஃபேர்லேண்ட்ஸிலிருந்து கிளம்பினோம். 55 கிலோமீட்டர், பைக்குக்கு டோல் இல்லை, போக வர பெட்ரோல் 250 ரூபாய். வழியில் ஆண்டகளூர் கேட்டில் டீ. 8.15க்குப் பட்டறை.

பெயின்டர் சண்முகம் பிரைமர் கலக்கிக்கொண்டிருந்தார். "கலக்குன பிரைமரைப் பத்து மணிக்குள்ள அடிச்சாகோணுங்க. நிறுத்த முடியாதுங்க."

அக்கா போட்டோவை நீட்டினார். பார்த்தவர், டப்பாவை வைத்துவிட்டு உப்புத்தாளை எடுத்தார். "தள்ளு சாமி, நெழல் உழுகுது" என்று என்னை விரட்டினார்.

மேலே கல்லூரி அடித்த வெள்ளை. அதற்குக் கீழே பச்சை. அதற்கும் கீழே எண். கடைசி இரண்டு இலக்கங்களில் முதலில் 6 வந்தது. அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அடுத்து ஒரு வளைவு, 8-இன் வலது பாதி மாதிரியே. சண்முகம் இடது பக்கம் தேய்த்தார், தேய்த்தார், ஒன்றுமே வரவில்லை. அது 3.

சண்முகத்துக்குத்தான் தாங்கவில்லை. "ஏனுங்கக்கா, அப்பா நம்பரையே எழுதிப்போடலாமுங்களா? லாரின்னா டூப்ளிகேட்டுன்னு ஆர்டிஓ புடிப்பாரு. இதைய ஆருங்க கேக்கப் போறாங்க?"

அக்கா சிரித்துவிட்டார். "வேணாம்ப்பா. இதுக்கும் ஒரு மெக்கானிக் இருந்திருப்பாரு. அவரு பொண்ணும் என்ன மாதிரி விழுந்தடிச்சு வந்தா?"

சண்முகம் பென்சிலை எடுத்து புது பெயின்ட் மேல் மறுபடி எழுத 63-ஐத் தாளில் பிரதி எடுத்துக்கொண்டார்.

போகிறவர்கள் ஓனரிடம் கேட்டுவிட்டுப் போட்டோ எடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். தரையெல்லாம் தகரத் துண்டு. பெரிதாக எதையும் தேடாதீர்கள், ஒன்பது மீட்டர்தான், பக்கத்தில் நிற்கும் டாரஸ் லாரி அதைவிட நீளம். அடுத்த வெள்ளி வரை அங்கேதான் நிற்கும். பழைய விமானம் எதைப் பார்த்தாலும் முதலில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது அதைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

வேறொரு கல்லூரியில் இன்னொரு நேட் இருக்கிறதாம், அக்கா கண்டுபிடித்துவிட்டார். வாசலில் என் பைக்கில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறார். போகணும்.