பேருந்தில் தப்பிய சிலந்தி

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, முந்திரி விற்றே மூன்று மாடி வீடு கட்டியவன் நான். எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்தாயிற்று. ஆனாலும் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அந்தப் பெண்ணை மறக்க முடியவில்லை.

தடித்த கண்ணாடி, மடியில் டப்பாக்கள். அடிக்கடி ஒரு டப்பாவைத் திறந்து உள்ளே இருந்த சிலந்தியிடம் ஏதோ பேசுவார்.

"இதோட விஷம் பூச்சியோட நரம்பைப் புடிச்சுக்கும் ஐயா. பூச்சிக்கு வெட்டி வெட்டி இழுத்து அப்புடியே அடங்கிடும். மனுசருக்கு ஒண்ணும் ஆவாது. இதை வச்சுப் பயிருக்கு மருந்து செய்யப் பாக்குறோம்."

ஆலப்பாக்கம் தாண்டியதும் சிலந்தி தப்பித்துக் கீழே ஓடியது. முன்சீட்டுக்காரர் செருப்பைத் தூக்கினார்.

"அடிக்காதீங்க! நாளைக்கு விஷம் எடுக்கணும்!" என்று அலறினார் அந்தப் பெண்.

அஞ்சுகிற ஆளா நான்? பாய்ந்து கையால் பொத்திப் பிடித்தேன். சுருக்கென்று கடித்தது.

"கடிச்சிடுச்சும்மா!"

அவர் சிலந்தியை வாங்கி டப்பாவில் விட்டு, "இருந்த விஷத்தையெல்லாம் இவருகிட்ட கொட்டிட்டியே! இனிமே எப்ப ஊறும்?" என்று அதைக் கடிந்துகொண்டார்.

என்னைக் கண்டால் எழுந்து நிற்கிற ஊர் எங்களுடையது. அவரோ சிதம்பரம் வரை என் கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ஏன் கோபம் வரவில்லை என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.