நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள்

நாத்தனார் வாயிலிருந்து அண்ணிக்கு நல்ல வார்த்தை வருவது அபூர்வம். இன்று வருகிறது, கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அண்ணி மருத்துவக் கல்லூரி நூலகர். அதே நூலக வாசலில் நகலெடுக்கும் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவள் நான். புத்தகம் அடுக்குகிற வேலைக்கு இவ்வளவு மிடுக்கா என்று அவரைச் சீண்டாத நாள் கிடையாது.

குழந்தைகள் வார்டு டாக்டரம்மா இரண்டு வருடமாக ஓர் ஆய்வில் இருந்தார். மூச்சிரைப்புக்கான ஒரு மருந்தைப் பற்றி எங்கெங்கோ வெளிவந்த கட்டுரைகளையெல்லாம் திரட்டி, சேர்த்துப் பார்த்து, பலன் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் வார்டில் அந்த மருந்தைத் தொடங்குவார்கள். தேடித் தரும் பொறுப்பு அண்ணிக்கு. எந்தத் தேதியில், எந்தச் சொல்லைப் போட்டுத் தேடி, எத்தனை வந்தது என்று ஒன்றுவிடாமல் குறித்துவைத்தார். மூவாயிரத்துச் சொச்சத்தை டாக்டரம்மாவின் குழு சலித்ததில் பதினொன்று தேறியது. பலன் உண்டு என்று முடிவு வந்தது. டாக்டரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முடிவை எழுதி மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பவிருந்த வாரம், அண்ணி அந்தப் பதினொன்றில் இரண்டை என்னிடம் நகலெடுக்கக் கொடுத்தார். வேறு வேறு பத்திரிகை, எழுதியவர்களும் வேறு. ஆனால் இரண்டிலும் அதே ஆஸ்பத்திரி, அதே ஏழு மாதம், அதே நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள். பென்சிலால் கோடு போட்டு டாக்டரம்மா முன்னால் வைத்தார்.

"ஒரே பிள்ளைங்களை ரெண்டு தடவை எண்ணிட்டோம் டாக்டர்."

புத்தகத்தை நீங்கள் பாருங்கள், நோயாளியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார். நான் தினமும் செய்கிற கேலிதான். அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணி அலட்டிக்கொள்ளவில்லை. அந்த இரண்டு கட்டுரைகளை எழுதியவர்களுக்கே மின்னஞ்சல் போட்டார். நான்காம் நாள் பதில் வந்தது: ஒரே குழந்தைகள்தான். ஒன்றை நீக்கியதும், பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போனது.

டாக்டரம்மா தாமே மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"இந்த மருந்தை வார்டுல ஆரம்பிச்சிருப்பேன். நன்றின்னு ஒரு வரி போட்டா போதாது. எழுதினவங்க வரிசையில உங்க பேரும் வரணும்."

அண்ணி சற்று யோசித்தார். "அப்போ தேடின விதத்தை நானே எழுதித் தரேன்."

கட்டுரை வெளிவந்தது. நான்கு பெயர்களில் மூன்றாவது என் அண்ணி. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. முதல் பக்கத்தை இருபது நகல் எடுத்தேன்.

அண்ணி எட்டிப் பார்த்தார். "ஒரே கட்டுரையை இருபதா எண்ணாதே."

எண்ணத்தான் செய்வேன். எங்கள் தெருவில் இருபது வீடு.